அளவு பிசகாத சட்டை

அந்த முதலாளி காலை நாலரைக்கு எழுவார் என்பது உலகத்துக்கே தெரியும். தெரியாமல் என்ன செய்யும்? மேடை ஏறினால் அதைத்தான் சொல்வார், டிவியில் உட்கார்ந்தால் அதைத்தான் சொல்வார். ஐந்து மணிக்குள் பச்சைத் தண்ணீரில் குளியல், ஐந்தரை வரைக்கும் வாசிப்பு, அப்புறம் தோட்டத்தில் நடை. நடக்கும்போதே ஆட்களையும் பார்த்துவிடுவார். ஆளுக்கு மூன்று நிமிஷம், கூடவே நடந்துகொண்டு பேச வேண்டும்; மூச்சு வாங்குகிறவன் பாடு திண்டாட்டம்தான். கல்யாணம் செய்துகொள்ளாததில் மட்டும் வருஷத்துக்கு ஆயிரம் மணி நேரம் மிச்சம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அலுவலகத்தில் அவருக்கு 'அலாரம்' என்று பட்டப்பெயர். எல்லாம் முதுகுக்குப் பின்னால்தான், நேரே சொல்ல யாருக்குத் தைரியம்?

அவருக்குச் சட்டை தைத்துக் கொடுத்தவள் டெய்லரக்கா. சின்னதிலிருந்து பெரிசு வரை எல்லாருக்கும் அவள் அக்காதான். பல்லுப்போன கிழவர்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, மருந்துக் கடைக்கு மேல் மாடியில் ஓர் அறை. இரண்டு மிஷின், ஒரு வெட்டு மேஜை. ஜன்னலோரம் அவள் புருஷன் பொத்தானுக்குக் காஜா எடுப்பான், இஸ்திரி போடுவான், நடுநடுவே அவளைச் சீண்டுவான்.

பத்து வருஷமாக முதலாளிக்கு ஒரே சட்டைதான். சாம்பல் நிறம், முழுக்கை, பாக்கெட் கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஏழு சட்டை, ஏழு பேண்ட் போக வேண்டும். புதுசு வந்ததும் பழையது ஓரம்கட்டப்படும். காலையில் எதைப் போடுவது என்று யோசிக்கிற நேரத்தில் ஒரு தொழிலையே நடத்திவிடலாமாம். பெல்ட்டும் கிடையாது, எந்த ஓட்டையில் மாட்டுவது என்பதும் ஒரு யோசனைதானே! அவரை அவள் அளவெடுத்தது முதல் வருஷம் ஒரே ஒரு தடவை. "இனிமே டேப்பைத் தூக்கிட்டு என் முன்னாடி வராதீங்கம்மா. நான் மாற மாட்டேன்" என்றார். கழுத்து பதினாறு என்று அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். மனுஷன் சொன்னபடி மாறவும் இல்லை.

ஒரு கூட்டத்தில், ஆயிரம் பேருக்கு முன்னால், "என் டெய்லர் பத்து வருஷத்துல ஒரு நூல் பிசகினதில்ல. வேலைன்னா அப்படிப் பாக்கணும்" என்று அவர் சொல்லிவிட்டார். அந்தத் துண்டுப் படத்தை டெய்லரக்கா போனில் ஏற்றி வைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினாள். "போதும்டி, போன் தேஞ்சுடப் போகுது" என்று புருஷன் கிண்டல் செய்தான். செய்யட்டுமே! கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவன் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்ததுண்டா?

வினை டிவியில்தான் ஆரம்பித்தது. ஒரு மத்தியானம் அவள் ஓரம் அடித்துக்கொண்டிருந்தபோது முதலாளி பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. காலர் கழுத்தை விட்டு லேசாகத் தள்ளி நிற்கிறது. தோள் தையல் கைப்பக்கம் இறங்கிவிட்டது. மனுஷன் இளைத்திருக்கிறாரே என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. ஐயையோ, பார்க்கிறவர்கள் என் வெட்டையல்லவா குறை சொல்வார்கள் என்றுதான் தோன்றியது. அந்த வாரம் அடுத்த ஏழு சட்டைகளை வெட்டியபோது யாரையும் கேட்காமல் அளவைக் குறைத்தாள். கழுத்தில் அரை இன்ச், மார்பில் ஒன்றரை, பேண்ட் இடுப்பில் ஒன்றரை. டேப் எதற்கு? டிவியைப் பார்த்தே அளவெடுக்கிற கண் அவளுக்கு.

ஒரு வாரம் கழித்து முதலாளியின் செக்ரட்டரி போன் செய்தான். அவருடைய ஒவ்வொரு நிமிஷத்துக்கும் அவன்தான் காவல்.

"அக்கா, நீங்க கில்லாடிக்கா! நாங்க எப்படிச் சொல்றதுன்னு முழிச்சுக்கிட்டிருந்தோம், நீங்களே கண்டுபிடிச்சுத் தைச்சுட்டீங்க. ஐயாவுக்கு ஒண்ணும் தெரியல. சட்டை கச்சிதமா இருக்குன்னு மட்டும் சொன்னாரு."

"ஐயாவுக்கு உடம்புக்கு ஏதாவது..."

"சேச்சே, டயட்டுக்கா. கம்பெனியை இன்னொரு கம்பெனியோட சேக்கப் போறோம். இந்த நேரத்துல ஐயா இளைச்சுட்டார்னு நாலு பேர் வாயில விழுந்தா எல்லாம் பாழ். அடுத்த செட்டும் இதே மாதிரி பாத்துச் செஞ்சுடுங்க. நான் ஐயாவுக்குத் தெரியாம போட்டோ எடுத்து அனுப்பறேன்."

மூன்று மாதம் கழித்து முன்னால், பின்னால், பக்கவாட்டில் என்று மூன்று போட்டோ வந்தது. கழுத்து பதினைந்து என்று எழுதி வெட்டினாள். ஏழு சட்டையும் போய், அவர் மேல் அளவெடுத்தாற்போல் உட்கார்ந்தன. அளவெடுக்காமலே! அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

முதலாளி இன்னொரு மேடையில் பேட்டி கொடுத்த படம் போனில் வந்தபோது, தன்னைப் பற்றி மறுபடி ஏதாவது சொல்லியிருப்பாரோ என்ற ஆசையில்தான் பார்த்தாள். இப்போதெல்லாம் கொஞ்சம் அசதி என்றும், அதனால் நாலரைக்குப் பதில் நாலு மணிக்கே எழுவதாகவும் சொன்னார். ஆள் இளமையாகிக்கொண்டே போகிறாரே என்று பேட்டி எடுத்தவர் குழைந்தார். அதற்குப் பிறகு வந்தது அது.

"எடை மிஷினை நான் வீட்டை விட்டே தூக்கிப் போட்டாச்சு. தினமும் எடை பாக்கறவன் தினமும் கவலைப்படுவான். என் சட்டைதான் எனக்கு டாக்டர். காலைல காலர் பொத்தானைப் போட்டுட்டு உள்ள ஒரு விரலை விடுவேன். சரியா நுழைஞ்சா நல்லா இருக்கேன்னு அர்த்தம். நுழையலன்னா சாப்பாட்டைக் குறைக்கணும். ரெண்டு விரல் நுழைஞ்சா அன்னிக்கே ஆஸ்பத்திரி. மொத்தம் அஞ்சு நொடி வேலை. பத்து வருஷமா அந்த ரெண்டாவது விரல் நுழைஞ்சதே இல்ல!"

கூட்டம் கைதட்டியது. டெய்லரக்கா போனைக் கவிழ்த்து வைத்தாள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் புருஷன் அவளையே பார்த்தான்.

"ஏண்டி, அந்த ரெண்டாவது விரலை நுழைய விடாம பண்ணினது நீதானே?"

"டயட்டுன்னு சொன்னாங்களே..."

"டயட்ல இருக்கறவன் தான் இளைக்கிறது தெரியாமலா இருப்பான்? வாயை மூடிக்கிட்டு இருக்காதே. போய்ச் சொல்லிடு."

சொல்லத்தான் செக்ரட்டரிக்குப் போன் போட்டாள். அவன் காது கொடுத்துக் கேட்டால்தானே! "அக்கா, உங்களுக்கு எதுக்கு இந்த டாக்டர் வேலை? இன்னும் ஒரு செட், அதுக்குள்ள கம்பெனி விஷயம் முடிஞ்சுடும். முடியாதுன்னா சொல்லிடுங்க, தைக்க ஆளா இல்ல?" என்று வைத்துவிட்டான்.

வேறு ஒருத்தி கையால் தைத்த சட்டையில் அவர் மேடை ஏறுவதை நினைத்துப் பார்த்தாள். மனசு ஒப்பவில்லை. இந்த ஒரு தடவை மட்டும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கழுத்து பதினாலரை. புருஷன் ஒரு நாள் முழுக்க அந்தச் சட்டைகளைத் தொடாமல் முறுக்கிக்கொண்டு திரிந்தான். மறுநாள் அவனே காஜா எடுத்துக் கொடுத்தான். சட்டைகள் போயின.

நாலாவது செட்டுக்குப் போட்டோ வந்தபோது அவளால் கத்தரிக்கோலை எடுக்க முடியவில்லை. கன்னம் ஒட்டிப்போய்க் கண் உள்ளே கிடந்தது. ஒன்பது மாசத்தில் ஒரு மனுஷன் இப்படியா ஆவார்? இந்தப் பாவத்தை இதற்குமேல் சுமக்க முடியாது என்று நோட்டின் முதல் பக்கத்தைப் புரட்டி, பழைய அளவிலேயே ஏழையும் வெட்டினாள். பதினாறு. போடட்டும், விரலை விட்டுப் பார்க்கட்டும், ஆஸ்பத்திரிக்கு ஓடட்டும். நேரில் போய்த் தலைகுனியாமலே காரியம் முடிந்துவிடும் என்று அதிலும் ஒரு சுயநலம்.

இரண்டே நாளில் செக்ரட்டரி போனில் கத்தினான். "என்னக்கா பண்ணி வச்சிருக்கீங்க? மூணு விரல் நுழையுதாம்! பழைய சட்டையைப் புதுசு மேல வச்சுப் பாத்தாரு, புதுசு இவ்வளவு பெரிசா இருக்கு. டெய்லரம்மாவுக்குக் கண்ணு போயிடுச்சு, வேற ஆளைப் பாருன்னு சொல்லிட்டாரு. இப்ப பழைய சட்டையையே போட்டுக்கிட்டு இருக்காரு. உங்க கணக்கு இத்தோட முடிஞ்சுது."

அவர் பேரில் தப்பு சொல்ல முடியுமா? புதுசு பெரிசு, பழசு கச்சிதம்; யாராயிருந்தாலும் டெய்லரைத்தான் சொல்வார்கள். அவள் தைத்த பொய்யை அவர் நம்பினார், அவள் தைத்த உண்மையைத் தூக்கி எறிந்துவிட்டார். இனி வாயைத் திறந்து சொல்வதைத் தவிர வழியில்லை.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக அளவு நோட்டோடு அந்த வீட்டுத் தோட்டத்தில் போய் நின்றாள். செக்ரட்டரி ஓடிவந்து மறித்தான். "தள்ளுங்க சார்" என்று ஒரே தள்ளு. தையல் மிஷின் மிதித்த உடம்பு; அவன் தள்ளாடிப்போனான். முதலாளி திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

"என்னம்மா, மன்னிப்புக் கேக்க வந்தீங்களா? மூணு நிமிஷம். நடந்துக்கிட்டே சொல்லுங்க."

"புதுச் சட்டைதான்யா சரி. பழசுதான் தப்பு" என்றாள் கூடவே நடந்தபடி. "நீங்க போட்டிருக்கற இந்தச் சட்டை பதினாறு இல்ல, பதினாலரை. அதுக்கு முன்னாடி பதினஞ்சு. அதுக்கு முன்னாடி பதினஞ்சரை. நீங்க இளைக்க இளைக்க நான் பிடிச்சுப் பிடிச்சுத் தைச்சுட்டே வந்தேன்."

அவர் நடையை நிறுத்தினார். அவர் பாதியில் நின்று அந்தத் தோட்டத்தில் யாரும் பார்த்ததில்லை. பின்னால் தங்கள் முறைக்காக நடந்துவந்தவர்களும் நின்றுவிட்டார்கள். அவள் நோட்டை விரித்துக் காட்டினாள். அவர் தேதிகளை ஒவ்வொன்றாகப் படித்தார். அப்புறம் தானே காலர் பொத்தானை அவிழ்த்து, "அளவெடுங்க" என்றார். டேப்பைச் சுற்றினாள். பதினாலுகூட நிறையவில்லை. விரலுக்கடியில் கழுத்து நரம்பு துடித்தது. நோட்டை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் காரைப் பார்த்து நடந்தார்.

மூன்று வாரம் ஆயிற்று. ஒரு மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் ஒருத்தி போன் செய்தாள். அவர் டெய்லரக்காவைப் பார்க்க வேண்டும் என்கிறாராம்.

தனி அறை. கட்டில், ஒரு நாற்காலி, திரைச்சீலை போட்ட ஜன்னல். அவர் மெலிந்து ஒரு பக்கமாக ஒடுங்கிக் கிடந்தார். பக்கத்தில் அவளுடைய நோட்டு.

"மூணு மாசம் முன்னாடி வந்திருந்தா வயித்துல இருக்கற கட்டியை வெட்டி எடுத்திருக்கலாமாம்" என்றார். "இப்ப திறந்து பாத்தாங்க, அப்படியே மூடிட்டாங்க."

அவர் கையை நீட்டி நோட்டை மெல்லத் திறந்தார்.

"மூணு மாசம் முன்னாடி பதினாலரைன்னு எழுதியிருக்கீங்க. அப்ப என் விரல் கணக்கு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்யா."

"செக்ரட்டரி மிரட்டினானா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம் என்றுதான் வழி நெடுக பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள். பொய்யும் இல்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் நாக்கு புரளவில்லை.

"அவர் சொன்னாருதான். அவர் சொல்லாம இருந்திருந்தாலும் நான் தைச்சிருப்பேன்யா. என் சட்டை உங்க மேல தொளதொளன்னு தொங்கறதை என்னால பாக்க முடியல. உங்க உயிரை நான் நினைக்கல. என் பேரைத்தான் நினைச்சேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். வெடிக்கப் போகிறார் என்று அவள் காத்திருந்தாள். கத்தட்டும், வெளியே போ என்று விரட்டட்டும், கேஸ் போடட்டும். அதில் ஏதாவது ஒன்றை வாங்கிக்கொண்டு போகத்தான் வந்திருந்தாள்.

"அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காருங்க" என்றார் அவர்.

"வேண்டாம்யா. திட்டறதைத் திட்டிடுங்க, நான் போயிடறேன்."

"திட்டி என்னம்மா ஆகப் போகுது? வந்து இத்தனை நாளாச்சு, கம்பெனியிலேருந்து ஒருத்தனும் எட்டிப் பாக்கல. கம்பெனியைச் சேத்தாச்சு, செக்ரட்டரி புது முதலாளிக்கிட்ட சேந்துட்டானாம். நர்ஸ் ஊசி போட்டுட்டுப் போயிட்டா அப்புறம் சாயங்காலம்தான் வருவா. யாரைக் கூப்பிடலாம்னு யோசிச்சுப் பாத்தேன். உங்களைத் தவிர ஒருத்தர் பேரும் வரல."

அவள் உட்கார்ந்தாள். அடி வாங்கியிருந்தால்கூட இப்படி வலித்திருக்காது. அவர் தூங்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். நடுவில் ஒரு தடவை தண்ணீர் கேட்டார், எழுந்து கொடுத்தாள். டம்ளரைப் பிடிக்க அவருக்குத் தெம்பில்லை, தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். பார்வையாளர் நேரம் முடிந்தது என்று நர்ஸ் வந்து சொல்லும்வரை அப்படியே போயிற்று. அவள் புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்து கதவு வரைக்கும் போனாள்.

"நாளைக்கும் வருவீங்களாம்மா?" என்று கேட்டார் அவர்.