துடைத்த குழல்

தையல் மிஷின் மெக்கானிக்குக்குக் கை சும்மா இருக்காது. எங்கேயாவது ஒரு கதவு கிறீச்சிட்டால் போதும், எண்ணெய்க் குப்பியோடு எழுந்து வந்துவிடுவார். பழுது என்றாலே அழுக்குதான், துடைத்தால் எதுவும் சரியாகிவிடும் என்பது அவருடைய வேதம். இருபது வருடத் தொழிலில் அது அவரைக் கைவிட்டதே இல்லை. அதனால்தான் வினையே வந்தது.

அவர் மனைவி நகரப் பேருந்து ஓட்டுகிறாள். விடுமுறை நாட்களில் துப்பாக்கி கிளப்புக்குப் போய், பாயில் குப்புறப் படுத்து, ஐம்பது மீட்டர் தள்ளியிருக்கும் இலக்கைச் சுடுவாள். அன்று மதியம் தேர்வுப் போட்டி. அறுபது குண்டு, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண். ஐந்நூற்றுத் தொண்ணூறு எடுத்தால் தேசிய அணியின் பயிற்சிக்குப் போகலாம். இல்லாவிட்டால் இன்னும் ஒரு வருடம். ஏற்கெனவே மூன்று வருடம் காத்திருந்தவள்.

காலையில் ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள அவள் டெப்போவுக்குப் போன நேரம். மேஜைமேல் துப்பாக்கிப் பெட்டி இருந்தது. குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டைக் கழற்றித் தனியாக வைத்திருந்தாள். மெக்கானிக் துப்பாக்கியைத் தூக்கி, பின்பக்க ஓட்டை வழியே ஜன்னலைப் பார்த்தார். உள்ளே ஒரே மங்கல். பாவம், இதை வைத்துக்கொண்டா போட்டிக்குப் போகிறாள் என்று அவருக்குப் பொறுக்கவில்லை.

பெட்டியிலேயே கம்பி, துணித்துண்டுகள், கரைசல் எல்லாம் இருந்தன. ஒவ்வொரு துண்டாக நனைத்துக் கம்பியில் கோத்துத் தள்ளினார். பதினொரு துண்டு கன்னங்கரேலென்று வந்தது. பதினைந்தாவது, போட்டபடியே வெள்ளையாக வெளியே வந்தது. மறுபடி கண்ணை வைத்துப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

குழாய்போல வழவழவென்று இருக்கும் என்றுதான் நினைத்திருந்தார். உள்ளே மெல்லிய பள்ளங்கள், ஒன்றையொன்று தொடாமல், ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே வெளிச்சத்தை நோக்கிப் போயின. பென்சில்கூட நுழையாத ஓட்டைக்குள் இத்தனை ஒழுங்கா? ஆயிரம் மிஷின்களின் வயிற்றைத் திறந்து பார்த்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு அதிசயத்தை வீட்டில் வைத்துக்கொண்டு இவள் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று கோபம்கூட வந்தது. எல்லாவற்றையும் இருந்தபடி வைத்தார். கடையைப் பூட்டிவிட்டு, முதல்முறையாகப் போட்டி பார்க்க அவளோடு கிளம்பினார்.

கிளப்பில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர், அங்கே துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பவர். எல்லோருக்கும் அவர் மொட்டை அண்ணன். தொழிலும் தொழிலும் பார்த்த மாத்திரத்தில் ஒட்டிக்கொண்டன.

"பேரலுக்குள்ள அந்தச் சுருள் இருக்கே அண்ணே, என்ன வேலைப்பாடு," என்றார் மெக்கானிக். "துடைச்சதும் கண்ணாடி மாதிரி தெரிஞ்சுது."

மொட்டை அண்ணன் டீயைக் கீழே வைத்தார். "யார் பேரல்?"

"நம்ம வீட்ல உள்ளதுதான். காலையில துடைச்சேன்."

"சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்துட்டீங்களே தம்பி. குண்டு மேல மெழுகு பூசியிருக்கும். சுடச்சுட அது பேரலுக்குள்ள ஒரு படலமா ஒட்டும். அந்தப் படலம் இருந்தாத்தான் குண்டெல்லாம் ஒரே இடத்துக்குப் போகும். போட்டியன்னிக்கு எவனாவது துடைப்பானா?"

"மறுபடி ஒட்டறதுக்கு எத்தனை குண்டு ஆகும்?"

"அது ஒவ்வொரு பேரலோட குணம். பத்துலயும் அடங்கும், அம்பதுலயும் அடங்கும்."

மெக்கானிக் கணக்குப் போட்டார். அவள் கொண்டுவந்தது எண்பது குண்டு. போட்டிக்கு அறுபது போனால், முன்னால் சரிபார்த்துக்கொள்ள மிச்சம் இருபதுதான். சொன்னால் மனம் கலங்குவாள். சொல்லாவிட்டால், சிதறுகிற குண்டைப் பார்த்துத் தன்மேலேயே சந்தேகப்பட்டு, குறியைச் சரிசெய்யும் குமிழைத் திருகித் திருகிக் கெடுத்துக்கொள்வாள். எழுந்து ஓடினார்.

அவள் தடித்த கோட்டை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"காலையில... உன் பேரலைத் துடைச்சுட்டேன்."

ஒரு கணம் அவர் முகத்தையே பார்த்தாள். வீட்டில் பால் பொங்கி வழிந்தாலே ஊரைக் கூட்டுகிறவள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"கம்பியை எந்தப் பக்கமா விட்டீங்க?"

"பின்பக்கமா. முன்வாய் தேஞ்சிடக் கூடாதேன்னு."

"எண்ணெய்?"

"ஒரு சொட்டு. அதையும் துடைச்சுட்டேன்."

"சரி. போய் உக்காருங்க," என்று பட்டனைப் போட்டுக்கொண்டாள்.

சரிபார்க்கச் சுட்ட முதல் குண்டு, பாய்க்குப் பக்கத்துத் திரையில் ஆறு என்று விழுந்தது, வலது மேல் மூலையில். இரண்டாவது ஏழு, இடது கீழே. மூன்றாவது வேறெங்கோ. குறியைத் திருகும் குமிழ் அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவள் தொடவில்லை. ஒரே இடத்தைப் பார்த்து, ஒரே மாதிரி மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தி, ஒரே மாதிரி சுட்டாள். குண்டு எங்கே வேண்டுமானாலும் போகட்டும், நான் நகர மாட்டேன் என்பதுபோல. ஹாரனை அழுத்தியே தெருவைக் கிழிக்கிறவள், உடம்பில் ஒரு மயிரிழைகூட அசையாமல் கிடந்தாள். மெக்கானிக் தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது அவருக்கே தாமதமாகத்தான் தெரிந்தது.

பத்தாவது குண்டுக்குப் பிறகு புள்ளிகள் நெருங்கத் தொடங்கின. பதினாறு, பதினேழு, பதினெட்டு மூன்றும் ஒரே ஓட்டைக்குள் போயின. மீதி இரண்டு குண்டை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டுப் போட்டியைத் தொடங்கினாள்.

பத்துகளுக்கு நடுவே அவ்வப்போது ஓர் ஒன்பது வந்தது. முப்பத்தேழாவது குண்டு எட்டு. மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு இருபத்துமூன்று குண்டு, இருபத்துமூன்றும் பத்து. பக்கத்துப் பாயில் சுட்டு முடித்தவன்கூட எழுந்து வந்து அவள் திரையைப் பார்த்தான்.

மொத்தம் ஐந்நூற்று எண்பத்தொன்பது.

நடுவர் ஒரு படிவத்தோடு வந்தார். மொட்டை அண்ணன் விஷயத்தை அவர் காதில் போட்டிருந்தார். "பேரல்ல கோளாறுன்னு எழுதிக் குடும்மா. அடுத்த வாரம் மறுபடி சுடலாம். ஒரே ஒரு புள்ளிதானே, யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

"எழுதிடு," என்று கெஞ்சினார் மெக்கானிக். "தப்பு என்னோடதுதானே."

அவள் கோட்டைக் கழற்றினாள். முதுகெல்லாம் வியர்வை. "பதினெட்டாவது குண்டுலயே பேரல் அடங்கிடுச்சுங்க சார். ஒன்பதெல்லாம் காத்து, நான் பார்த்துச் சுட்டிருக்கணும். அந்த எட்டு, மூச்சு நிக்கறதுக்குள்ள நான் அவசரப்பட்டு விசையை இழுத்தது. அதுக்குப் பேரல் என்ன பண்ணும்?"

படிவத்தை எழுதாமலே திருப்பிக் கொடுத்தாள். நடுவர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வாசலில் மெக்கானிக் துப்பாக்கிப் பெட்டியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "எட்டுன்னு எப்ப பார்த்த?"

"பார்க்கலை. இழுக்கும்போதே தெரிஞ்சுது."

"அப்பவே ஒரு வருஷம் போச்சுன்னு தெரிஞ்சிருக்குமே. அப்புறம் எப்படி அத்தனையும் பத்துல வச்ச?"

"அது போயிடுச்சு," என்றாள் அவள். "அடுத்த குண்டு இன்னும் போகலையே."