அரங்கநாதனின் ஸ்டெதாஸ்கோப்

பாகூர் மருத்துவர் அரங்கநாதனின் ஸ்டெதாஸ்கோப்பில் இதயத் துடிப்பு கேட்பது, ஆறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமையோடு நின்றுபோயிற்று. யார் மார்பில் வைத்தாலும் செலியமேட்டு வீரப்பனின் குரல்தான் கேட்டது: "தோ வந்துடுவா சார். தேவி பணத்தோட வந்துடுவா." சளிக்கு வந்த குழந்தையின் மார்பிலும் அதே குரல், ஆஸ்துமாக்காரரின் முதுகிலும் அதே குரல். புதுச்சேரிக்குச் சென்று மூன்று புதிய கருவிகளை வாங்கிவந்தார். மூன்றிலும் வீரப்பன் இருந்தார்.

வீரப்பன், அரங்கநாதனின் குடும்பத்துக் கொல்லையில் முப்பது ஆண்டுகள் கரும்பு வெட்டியவர். அந்தச் செவ்வாய்க்கிழமை முற்பகல், வெட்டிக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். மனைவி தேவி அவரை ஆட்டோவில் ஏற்றி அரங்கநாதனின் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார். முகப்பு மேசையிலிருந்த மஞ்சுளா விதியைச் சொன்னாள்.

"பத்தாயிரம் டெபாசிட் கட்டுனாதாம்மா டாக்டர் பார்ப்பாரு."

"அவரு கொல்லையிலதாம்மா வேல செய்யறோம். அவருக்கே எங்கள நல்லாத் தெரியும்."

"அவருக்குத் தெரிஞ்சா இன்னா? இந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியணுமே!"

அரங்கநாதன் கண்ணாடிக் கதவு வழியே இருவரையும் பார்த்தார்; அடையாளமும் தெரிந்தது. ஒருவருக்கு விலக்கு அளித்தால் ஊரே விலக்குக் கேட்கும் என்று எண்ணி, அடுத்த நோயாளியை அழைத்தார்.

தேவி செலியமேட்டுக்கு, கொல்லையைக் கவனித்துவந்த மருத்துவரின் அண்ணனிடம் ஓடினார். தேவி கேட்டது கடன் அன்று. அந்தப் பருவம் முழுதும் இருவரும் வெட்டிய கரும்புக்கான கூலி. அண்ணன் இல்லையென்று சொல்லவில்லை. "கடைசி லோடு ஆலையில எடை போட்டு வரட்டும் தேவி. நம்ம வழக்கம் உனக்குத் தெரியாதா?" என்றார். உழைப்பு முடிந்து, விளைவு எடைபோடப்பட்ட பிறகே கூலி கொடுப்பது அக்குடும்பத்தின் மூன்று தலைமுறை வழக்கம். அதே குடும்பம், மருத்துவமனையில் தான் வேலையைத் தொடங்கும் முன்பே கூலியை வாங்கிக்கொண்டது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க அவர்களில் எவருக்கும் அன்றுவரை தோன்றவில்லை. தோடுகளை அடகு வைத்துத் தேவி திரும்பியபோது, வீரப்பனின் தலை, அவரை உட்காரவைத்திருந்த நாற்காலியின் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. நீட்டிய பணத்தை மஞ்சுளா வாங்கவில்லை.

அன்று மாலையே குரல் கேட்கத் தொடங்கியது. மறுவாரம் டெபாசிட் மேசை அகற்றப்பட்டது. அதன் பிறகு சிகிச்சை முடிந்தபின், இயன்றவர்கள் இயன்றதைக் கொடுத்தார்கள். குரல் நிற்கவில்லை. மருத்துவர் நாடியை விரலால் எண்ணிக் காலத்தை ஓட்டினார்.

சென்ற ஆண்டு தேவி காய்ச்சலோடு வந்தார். அவர் மார்பில் கருவியை வைத்த அரங்கநாதன், அதைத் தன் காதுகளிலிருந்து கழற்றி அவர் காதுகளில் பொருத்தினார். தேவி நெடுநேரம் கேட்டார்.

"இன்னும் இதையேதான் சொல்லிகினு இருக்காரா?"

"ஆமாம்மா. அன்னிலேர்ந்து."

தேவி கருவியின் வட்டத் தகட்டை உதட்டருகே கொண்டுசென்றார். "வந்துட்டன்யா. லேட்டாயிடுச்சி," என்றார். மருத்துவரை அவர் ஒரு சொல்லும் ஏசவில்லை. ஏசியிருக்கலாம் என்று அரங்கநாதன் இன்றும் நினைக்கிறார்.

இனித் துடிப்பு திரும்பிவிடும் என்று அவர் நம்பினார். மறுநாள், முதல் நோயாளியின் மார்பில் கருவியை வைத்தார்.

"தேவி வந்துட்டா சார்," என்றார் வீரப்பன். "இப்பப் பாருங்க."

இன்றுவரை ஒவ்வொரு மார்பிலும் அதுதான் கேட்கிறது. மருத்துவர் தலைகுனிந்து சற்று நேரம் அப்படியே இருக்கிறார். அவர் நிமிரும்வரை சட்டைப் பொத்தானைப் போடாமல் காத்திருக்க வேண்டும் என்பது பாகூரில் எல்லாருக்கும் தெரியும்.