இரண்டு கை பட்ட கடவுச்சொல்

காலையில் நான் உள்ளே நுழையும்போதே கிடங்கு வாசலில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. டிரைவர்கள் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பார்சல் கிடங்கில் சீட்டு இல்லாமல் ஒரு வண்டியும் வெளியே போக முடியாது. சீட்டு அச்சடிப்பது உள்ளறையில் அலமாரி மாதிரி நிற்கும் பெரிய கம்ப்யூட்டர். அதற்கு வயதாகிவிட்டதால் எல்லோரும் 'தாத்தா' என்போம். கிளைகளிலிருந்து வரும் ஆர்டர்களை வாங்கித் தாத்தாவிடம் சேர்ப்பது கேட்வே சர்வர். அது என் பொறுப்பு. இன்றைக்கு என் சர்வர் போய்க் கதவைத் தட்டுகிறது, தாத்தா திறக்க மாட்டேன் என்கிறார்.

தாத்தாவைக் கவனித்துக்கொள்பவர் என் வீட்டுக்காரர். நடுவில் ஒரு கண்ணாடிச் சுவர். ஆபீஸில் அவர் எனக்கு சார், நான் அவருக்கு மேடம். ஆபீஸ் பேச்சு வீட்டுக்கு வரக்கூடாது, வீட்டுப் பேச்சு ஆபீஸுக்கு வரக்கூடாது என்பது கல்யாணமானதும் நாங்கள் போட்டுக்கொண்ட சட்டம். ரொம்பப் புத்திசாலித்தனம் என்று அப்போது நினைத்தோம்!

மேனேஜர் நேராக என் மேஜைக்கு வந்தார். "இந்த மாசம் உங்க ரெண்டு பேர்ல ஒருத்தரைத்தான் வச்சுக்க முடியும்னு சொன்னேன்ல மேடம்? இன்னிக்கு எந்தப் பக்கம் தகராறோ, அந்தப் பக்கத்தை வெளிக்கம்பெனிக்குக் கொடுத்துடப் போறேன். சாயங்காலம் பதில் வேணும்."

எனக்குப் பயம் வந்துவிட்டது. என் வேலையை நினைத்து இல்லை. அது போனால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன். "வந்து என்கூட உட்காருடி" என்று அக்கா தன் தையல் கடைக்கு எத்தனை தடவை கூப்பிட்டுவிட்டாள். ஆனால் இவர்? தாத்தாவின் விசிறிச் சத்தத்தை வைத்தே அதன் மூடு என்ன என்று சொல்கிற மனுஷன். அந்த அறையை விட்டு அனுப்பினால் உடைந்துபோவார். தப்பு அவர் பக்கம் இருந்துவிடக் கூடாது, அவ்வளவுதான் என் வேண்டுதல்.

ஒயரைப் பார்த்தேன், சரியாக இருந்தது. தாத்தாவைக் கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் வந்தது. உள்ளே நுழையும்போது மட்டும் 'கடவுச்சொல் தவறு' என்றது. ஓ, இதுதானா? இரண்டு பக்கமும் ஒரே கடவுச்சொல் இருந்தால்தான் தாத்தா கதவைத் திறப்பார், அதற்குக் கெடு முடிந்திருக்கும். அடுத்த கடவுச்சொல்லும் தயாராக இருக்கிறது, எங்கள் இருவருக்கும் தெரியும். அதை என் பக்கம் போட்டேன். மறுபடியும் தவறு என்றது.

போன் போட்டேன். "சார், உங்க பக்கம் ஏதாவது மாத்தினீங்களா?"

"எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு மேடம்." குரல் இழுத்தது.

இந்த இழுப்பு எனக்குத் தெரியாதா? புதுசு என்றாலே பயப்படுகிற ஆள். பழைய கடவுச்சொல்லையே தாத்தாவுக்குத் திருப்பிப் போட்டிருப்பார் என்று நானும் பழையதுக்குப் போனேன். தவறு. பிறகு தாத்தா என் சர்வரின் கணக்கையே பூட்டிவிட்டார். மூன்று தடவை தப்பாகச் சொன்னால் பூட்டிவிடுவது அவர் குணம். கொஞ்ச நேரத்தில் பூட்டு தானாகத் திறந்தது. அதெப்படி தானாகத் திறக்கும்? புதுசைப் போட்டேன். தவறு. பழசைப் போட்டேன். அதுவும் தவறு! ஒருமுறை இணைப்பு ஒட்டிக்கொண்டது, ஆனால் அப்பாடா என்று நான் நாற்காலியில் சாய்வதற்குள் அறுந்துபோனது.

எனக்குத் தலை கால் புரியவில்லை. இருப்பதே இரண்டு கடவுச்சொல், இரண்டும் தப்பு என்றால் எது சரி? மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக்கூட இல்லை. மண்டை காய்ந்துபோய் எனக்கே என் பெயர் சரிதானா என்று சந்தேகம் வந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். அவர் பரபரவென்று எதையோ தட்டிவிட்டு, திருட்டு முழி முழித்துக்கொண்டு என் பக்கம் எட்டிப்பார்த்தார்.

அடப்பாவி மனுஷா!

சட்டமாவது மண்ணாவது என்று எழுந்து உள்ளறைக்குப் போனேன். "என்னங்க, என்ன பண்றீங்க?"

"மேடம்..."

"மேடமும் இல்ல கீடமும் இல்ல. உண்மையைச் சொல்லுங்க."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "காலையில பழசையே திருப்பிப் போட்டேன், உனக்கு வேலை மிச்சமாகட்டும்னு. அப்புறம், நீ அவசரக்காரி ஆச்சே, இந்நேரம் புதுசுக்கு மாறியிருப்பேன்னு நானும் மாத்தினேன். அதுவும் ஒத்துவரல, கணக்கு வேற பூட்டிக்கிச்சு, நான்தான் திறந்துவிட்டேன். சரி, பழசுக்கே போயிருப்பே போலன்னு..."

"நான் பழசுக்கு வரும்போது நீங்க புதுசுக்குப் போயிட்டீங்க!"

"உன்னை எனக்குத் தெரியாதான்னு நினைச்சேன்."

நானும் அதையேதான் நினைத்தேன். குறுகலான நடையில் எதிரெதிரே வந்தவர்கள் வழிவிடுகிறேன் என்று ஒரே பக்கம் ஒதுங்குவார்களே, அந்தக் கூத்தைத்தான் காலையிலிருந்து ஆடியிருக்கிறோம். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

"நீங்க கையைக் கட்டிட்டு உட்காருங்க. எதையும் தொடக்கூடாது. ஒருத்தர் சும்மா இருந்தாதான் இது நடக்கும்."

கையைக் கட்டிக்கொண்டார். இரண்டு பக்கமும் நானே புதுசைப் போட்டேன். பிரிண்டர் ஒரு தடவை இருமிவிட்டுச் சீட்டுகளைத் தள்ள ஆரம்பித்தது. வெளியே முதல் லாரி கிளம்பும் சத்தம் கேட்டது.

மேனேஜர் வந்து நின்றார். "எந்தப் பக்கம்னு உங்க வாயாலயும் கேட்டுக்கலாம்னு வந்தேன்."

"என் பக்கம்," என்றேன்.

"நீங்க ஏன் மேடம் குழப்புறீங்க? காலையில உங்ககிட்ட பேசிட்டு சார்கிட்ட போனதுமே, தப்பு தன் பக்கம்தான்னு சொல்லிட்டாரே. வெளிக்கம்பெனிக்குக் கடிதம்கூட டைப் ஆயிடுச்சு. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி."

காலையிலேயேவா? எதையும் தொட்டுப் பார்ப்பதற்கு முன்னாலேயா? நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கட்டிய கையை அவிழ்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரைக் கேட்டுச் சொன்னீங்க?"

"கேக்கணுமா? வேலை இல்லாம உன்னால ஒரு நாள் இருக்க முடியுமா? உன்னை எனக்குத் தெரியாதா?"

"தெரியலையே!" என்று கத்திவிட்டேன். "எனக்கு இந்த வேலையே வேண்டாம். அக்கா கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. ஆபீஸ் பேச்சு வீட்டுல கூடாதுன்னு வாயை மூடிட்டு இருந்தேன். நீங்க இந்தத் தாத்தாவை விட்டுட்டு எங்கே போவீங்க?"

மேனேஜர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஐயோ, எனக்கு ஒண்ணுமே புரியல. கடிதத்தை அனுப்பவா, வேண்டாமா?"

"மாத்தி எழுதுங்க சார். தப்பு கேட்வே பக்கம். என் பக்கத்தைக் கொடுத்துடுங்க."

"ஏய், இரு, நான் சொல்றதைக் கொஞ்சம்..." என்று இவர் எழுந்தார்.

"கையைக் கட்டிட்டு உட்காருங்க," என்றேன்.