சகலையின் நிலநடுக்கங்கள்

"அஞ்சு புள்ளி ரெண்டுண்ணே. கடலுக்குள்ளதான். பயமில்ல" என்றான் சகலை.

மூன்றாவது தளத்தில் பீமுக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தோம். அவன் ஒரு முனையிலிருந்து கட்டிக்கொண்டு வருவான், நான் மறுமுனையிலிருந்து வருவேன். நடுவில் சந்திப்போம். ஒரு கையால் ரிங் கம்பியைப் பிடித்து மறு கையால் முடிச்சு முறுக்குகிற கொக்கியைச் சுழற்றிக்கொண்டே, சட்டைப்பையில் இருக்கிற போனையும் ஒரு கண்ணால் பார்த்துவிடுவான். உலகத்தில் எந்த மூலை ஆடினாலும் அந்தப் போன் ஒரு சத்தம் போடும். தீவு, மலைநாடு, பேரே வாயில் நுழையாத துறைமுகம் என்று எல்லாம் அவனுக்கு அத்துப்படி. எங்கே எத்தனை வீடு விழுந்தது, எந்த ஊர் ஜனம் இன்னும் வெட்டவெளியில் படுத்திருக்கிறது, எந்தப் பாலம் தப்பித்தது, கேட்டால் சொல்லுவான். மேஸ்திரி அவனுக்குப் 'பூகம்பம்' என்றே பேர் வைத்துவிட்டார். "என்ன பூகம்பம், ராத்திரி எவன் வீட்டு ஓடு பறந்துச்சு?" என்று கேட்டுவிட்டுத்தான் டீ குடிப்பார்.

இவ்வளவும் எதற்கு என்றால், என் மகனுக்காக. அவன் வேலை பார்க்கிற நாட்டில் தரை அடிக்கடி குலுங்கும். அங்கேயும் அவன் கம்பிதான் கட்டுகிறான். சகலை என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பெற்றவன் நான் இருக்கும்போது அவன் கவலைப்படுகிறான். அதுவும் என்னைவிட நன்றாகக் கவலைப்படுகிறான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மகன் கிளம்பிப் போன காலத்தில் எனக்கு எழுத்து தெரியாது. போனும் கிடையாது. சேதி எல்லாம் அவன் சித்தப்பாவுக்கே, அதாவது சகலைக்கே, வந்தது. சாயங்காலம் சகலை எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து வாசித்துக் காட்டுவான். வாசிக்கும்போது ஓர் இடத்தில் தானாகச் சிரிப்பான், பிறகு அதைத் தாண்டிப் போவான். என்னடா சிரிப்பு என்று கேட்டால், "ஒண்ணுமில்லண்ணே, பய என்னைக் கிண்டல் பண்றான்" என்பான். என் மகன் என்னை ஒரு நாளும் கிண்டல் செய்ததில்லை. நல்ல பிள்ளை, மரியாதையான பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். அந்த மரியாதை எவ்வளவு தூரம் என்பது, இன்னொருத்தன் சிரிப்பைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

அதற்கப்புறம்தான் எழுத்துக் கற்றுக்கொண்டேன். தலை நரைத்த பிறகு 'அ' போடுவது லேசான காரியம் இல்லை. இரும்பை வளைத்த விரலுக்குப் பேனா வளைய மாட்டேன் என்றது. ஆனாலும் விடவில்லை. போன் வாங்கி மகனுக்கு நம்பரும் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எழுதுவான்: 'அப்பா, நல்லா இருக்கீங்களா? உடம்பைப் பாத்துக்கங்க.' அவ்வளவுதான். சகலைக்கு மட்டும் பேசியே அனுப்புவான். அதைக் காதில் வைத்துக்கொண்டு அவன் சாரத்தில் சாய்ந்து நிற்பதைப் பார்த்தால், குடித்துவிட்டு நிற்கிறவன் மாதிரி இருக்கும்.

ஒருமுறை மகன் தான் கட்டிய கம்பியைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். எல்லோரும் உயரத்தைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். நான் முடிச்சைப் பார்த்தேன். கட்டுக்கம்பியை இடப்பக்கமாகத் திருகியிருந்தான். எங்கள் வேலையில் முடிச்சைப் பார்த்தாலே ஆள் யாரென்று சொல்லிவிடலாம். நான் வலப்பக்கம் திருகுகிறவன். இடப்பக்கம் திருகுவது சகலை.

நானும் என் போனில் அந்த நிலநடுக்கச் சத்தத்தை ஏற்றிக்கொண்டேன். ஒரு தடவையாவது அவனுக்கு முன்னால் நான் சொல்ல வேண்டும் என்று வெறி. ஒரு நாள் அதில் சேதி கிடப்பதைப் பார்த்ததும் கொக்கியைப் போட்டுவிட்டு, எழுத்துக் கூட்டி வாசித்து, "நாலு புள்ளி ஆறு! மலைப்பக்கம்!" என்று கத்தினேன். சகலை தலையைக்கூடத் தூக்கவில்லை.

"அது காலையிலயே வந்துச்சுண்ணே. இப்ப அதுக்கு அப்புறம் ரெண்டு வந்தாச்சு."

மேஸ்திரி சிரித்த சிரிப்பில் கீழே சிமெண்டு கலக்குகிறவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

வீட்டில் சொன்னேன். மனைவி துணியை உதறிக்கொண்டே, "அவருதான் பிள்ளை இல்லாதவரு, உருகுறாரு. உங்களுக்கு ஏன் வயித்தெரிச்சல்? ரெண்டு பேரு நினைச்சா பிள்ளை தேஞ்சா போயிடுவான்?" என்றாள். அன்று படுத்துக்கொண்டு ஒன்று நினைத்தேன். மகன் இருக்கிற ஊரில் ஒரு நிலநடுக்கம் வரட்டும். சின்னதாக. சுவரில் மாட்டிய படம் மட்டும் விழட்டும். அப்போதாவது முதலில் யாரைக் கூப்பிடுகிறான் என்று பார்த்துவிடலாம். பெற்ற தகப்பன் நினைக்கிற நினைப்பா அது? ஆனால் நினைத்தேன்.

போன வாரம் முற்பகலில் இரண்டு போனும் ஒன்றாக அடித்தன. சகலை எடுத்துப் பார்த்தான். எதையும் சொல்லிவிடுகிறவன் சொல்லாமல் நின்றான். நானே வாசித்தேன். ஏழு என்று இருந்தது. கீழே ஊர்ப் பேர். அந்தப் பேரைத்தான் நான் முதன்முதலில் எழுதப் பழகியிருந்தேன். கூட்டி வாசிக்கத் தேவையே இல்லை.

மகனுக்குப் போன் போட்டேன், போகவில்லை. சகலை போட்டான், அவனுக்கும் போகவில்லை. மேஸ்திரி வந்து இரண்டு பேர் தோளிலும் கை வைத்து, "கீழ போய் உக்காருங்கப்பா. இன்னைக்குக் கம்பி ஒண்ணும் ஓடிடாது" என்றார். மணல் குவியல் ஓரமாக உட்கார்ந்தோம். சகலையின் போனில் படங்கள் வர ஆரம்பித்தன. இடிந்த மாடிகள் அடுக்கிய தட்டு மாதிரி ஒன்றின் மேல் ஒன்று கிடந்தன. ஓரத்தில் கம்பிகள் மயிர் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. இரண்டு பேரும் முகத்தைத் தேடவில்லை, முடிச்சைத் தேடினோம். தெரிந்துவிடக் கூடாதே என்றுதான் தேடினோம். மனைவி மூன்று தரம் கூப்பிட்டுவிட்டாள். 'இன்னும் இல்ல' என்று இரண்டு தரம் நான் சொன்னேன். மூன்றாவது தரம் சகலைதான் போனை வாங்கிச் சொன்னான்.

மத்தியானத்துக்கு மேல் போன் அடித்தது. சகலையின் போன்.

திரையில் பேர் வந்தது. அந்தப் போனை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். எழுத்து தெரிந்த பிறகு அது அடிக்கும்போது பார்த்ததில்லை. 'மகன்' என்று இருந்தது. மூன்றே எழுத்து. என் போனில் நான் அவனை அவனுடைய சொந்தப் பேரில்தான் போட்டு வைத்திருந்தேன். சகலையின் விரல் திரைக்குப் போவதற்குள் நான் பிடுங்கிவிட்டேன். பிடுங்கியதில் அவன் மணலில் கையை ஊன்றிச் சாய்ந்தான். எழுந்து நாலு எட்டு தள்ளிப் போய்க் காதில் வைத்தேன்.

"சித்தப்பா..."

இரைச்சல். ஆம்புலன்ஸ் சத்தம். 'நான் அப்பாடா' என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் அழ ஆரம்பித்துவிட்டான்.

"சித்தப்பா, உசுரோடதான் இருக்கேன். இடது கையில ரெண்டு விரல் போச்சு. சிலாப்புக்கு அடியில மாட்டிக்கிச்சு. இனிமே கம்பி பிடிக்க முடியுமான்னு தெரியல சித்தப்பா. அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அந்த ஆளு வெளிய காட்டிக்க மாட்டாரு, உள்ளயே செத்துப்போயிடுவாரு."

அவன் அழுது நான் கடைசியாகக் கேட்டது அவனுடைய சின்ன வயதில். நான் யாரென்று சொன்னால் அந்த அழுகை அப்படியே நின்றுவிடும். 'நல்லா இருக்கேன்ப்பா' என்று ஞாயிற்றுக்கிழமைக் குரலில் சொல்லுவான். நான் சொல்லவில்லை. "ம்" என்றேன். அவன் அழுதான். "ம்" என்றேன்.

"சித்தப்பா, இருக்கீங்களா?"

"இருக்கேன் ராசா" என்றேன்.

ராசா என்பது சகலை அவனைக் கூப்பிடுகிற பேர். என் வாயில் அது எப்படி வந்ததோ தெரியவில்லை. திரும்பினால் சகலை பின்னாலேயே நின்றுகொண்டிருந்தான். லைன் போய்விட்டது.

"என்னண்ணே சொன்னான்? எப்படி இருக்கான்? அண்ணே, சொல்லுங்க!"

இத்தனை வருஷத்தில் என் மகனைப் பற்றி அவன் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. நெஞ்சு வெந்துகொண்டிருக்கும்போதே அதில் ஓர் ஓரம் குளிர்ந்தது. "நல்லா இருக்கானாம்" என்று மட்டும் சொல்லிப் போனை நீட்டினேன். அவன் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மேலே இருக்கிறவர்களைப் பார்த்து, "பய நல்லா இருக்கான்!" என்று கத்தினான். சாரத்தில் நின்றவர்கள் தகரத்தைத் தட்டினார்கள்.

அந்தச் சத்தத்தில் என் பையில் போன் அதிர்ந்தது கேட்கவில்லை, தொடையில் தெரிந்தது. எடுத்தேன்.

"அப்பா, நான்தான். டிவியில பாத்து பயந்துட்டீங்களா? இங்க ஒண்ணும் இல்லப்பா. லேசா ஆடுச்சு, அவ்ளோதான்." குரலைத் துடைத்து, கழுவி, மடித்துக் கொண்டுவந்திருந்தான். கடைசியில் சின்னதாகச் சிரித்தும் காட்டினான்.

"சரிப்பா. உடம்பைப் பாத்துக்க" என்றேன். வேறென்ன சொல்லிப் பழக்கம் எனக்கு?

"அம்மாகிட்ட சொல்லிடுங்க. வெச்சிடவா?"

வைத்துவிட்டான். சகலை ஓடிவந்து கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

"குடுங்கண்ணே, ஒரே ஒரு வார்த்தை. அவன் குரலைக் கேட்டுக்கிறேன்."

நான் தூண் கம்பிகளின் பக்கமாகத் திரும்பிக்கொண்டேன். சத்தமே இல்லாத போனைக் காதோடு அழுத்தி, "ம்" என்றேன். கொஞ்சம் விட்டு, தலையை ஆட்டி, மறுபடியும் "ம்" என்றேன். நீட்டிய கையை மடக்காமல் சகலை வெயிலில் நின்றுகொண்டிருந்தான்.