மறுபடியும் அதே 1

விஜயம் டீச்சருக்கு வருஷத்தில் பத்தே நாள்தான் பேச்சுத் துணை. ஏப்ரல் கடைசியில் பத்தாம் வகுப்புக் கணக்குத் தாள் திருத்த மதுரையில் கேம்ப் போடுவார்களே, அந்தப் பத்து நாள். மற்றபடி அதே மதுரையில், கே.கே. நகரில் ஒரு மாடிப் போர்ஷன், ஒரு ஸ்டவ், ஒரு டிரான்சிஸ்டர், காலையில் பால்காரரின் சைக்கிள் மணி, அவ்வளவுதான். ஏன், பள்ளிக்கூடத்தில் ஆளில்லையா என்று கேட்பீர்கள். ஆசிரியர் அறையில் ஒருத்திக்குப் பிள்ளையின் காய்ச்சல், இன்னொருத்திக்கு மாமியாரின் வாய். நாற்பத்தாறு வயதாகியும் கல்யாணம் ஆகாதவள் அந்தப் பேச்சில் எந்த இடத்தில் நுழைவாள்? நுழைந்தால்தான் என்ன சொல்வாள்? ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தயிர்சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு டிபன்பாக்ஸைக் கழுவப் போய்விடுவாள்.

கேம்ப் அப்படியில்லை. அங்கே சீனியம்மாள் இருந்தாள். டி. கல்லுப்பட்டிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர். கேம்ப் முடிகிறவரை செல்லூரில் தங்கச்சி வீட்டில் தங்குவாள். ராத்திரி பூரா தறிச் சத்தத்தில் தூக்கமே இல்லை என்று காலையில் அலுத்துக்கொண்டே வருவாள். நாலு வருஷமாக இருவரும் ஒரே மேஜை. "யக்கா, இங்கிட்டு வாங்க, இடம் பிடிச்சு வச்சிருக்கேன்" என்று அவள் வராந்தாவிலிருந்து கூப்பிடும்போது விஜயத்துக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துபோகும். தனக்காக ஓர் ஆள் நாற்காலியில் கைக்குட்டை போட்டு வைத்திருக்கிறாளே! சீனியம்மாள் தனக்குக் கறிக்குழம்பு கொண்டுவந்தாலும் விஜயத்துக்கென்று வேறொரு சின்ன டப்பாவில் கத்திரிக்காய்ப் பொரியல் எடுத்து வருவாள். "இது உங்க டப்பா, கறிவாடையே படாதது" என்று அழுத்திச் சொல்லித்தான் திறப்பாள்.

அந்த வருஷம், எண்பத்துநாலு, கேம்பின் முதல் நாள், அவர்கள் மேஜைக்குச் சீஃபாக, அதாவது தலைமைத் தேர்வாளராக இருந்த சீதாராமன் சார் விடைக்குறிப்பைப் படிக்கப் படிக்க, மேஜையிலிருந்த ஆறு டீச்சர்களும் எழுதிக்கொண்டார்கள். கேம்பில் அதற்குப் பெயர் கீ. பன்னிரண்டாவது கேள்வி சரியா தவறா வகை: '22/7 ஒரு விகிதமுறா எண்.' கீயில் இருந்த விடை: சரி.

ஆறு பேரில் ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. கணக்கு டீச்சர்கள் ஐயா, கணக்கு டீச்சர்கள்! ஒரு முழு எண்ணை இன்னொரு முழு எண்ணால் வகுத்து எழுத முடிந்தால் அது விகிதமுறு எண். தசமத்தில் போட்டால் ஓரிடத்தில் முடியும், இல்லாவிட்டால் வந்த இலக்கங்களே திரும்பத் திரும்ப வரும். இரண்டும் இல்லாமல் ஓடிக்கொண்டே இருந்தால் விகிதமுறா எண். இதைத்தான் ஆறு பேரும் வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப்போடுகிறார்கள். 22/7-ஐப் பார்த்தாலே போதும், மேலே ஒரு முழு எண், கீழே ஒரு முழு எண். ஆனால் வட்டத்தின் பரப்புக்கு π வரும் இடத்திலெல்லாம் 22/7 போட்டுப் போட்டு, இரண்டும் ஒன்றே என்று கை பழகிவிட்டது. π விகிதமுறாதது, ஆகையால் 22/7-ம் விகிதமுறாதது. கையோடு சேர்ந்து புத்தியும் தூங்கிவிட்டது. விஜயமும் தூங்கினாள். இரண்டு நாளில் ஐம்பது தாள்களில் 'தவறு' என்று எழுதியவர்களுக்கெல்லாம் சிவப்பு மையால் சுழியம் போட்டாள்.

அதில் ஒரு தாள் முப்பத்துநாலில் நின்றது. முப்பத்தைந்து எடுத்தால் பாஸ். முப்பத்துநாலு வந்தால் எங்காவது ஒரு மார்க் விட்டுப்போயிருக்கிறதா என்று இன்னொரு தடவை புரட்டிப் பார்ப்பது வழக்கம். விஜயம் இரண்டு தடவை புரட்டினாள். பன்னிரண்டாவது கேள்விக்கு அந்தப் பிள்ளை 'தவறு' என்று எழுதி, ஓரத்தில் பொடி எழுத்தில் என்னவோ வகுத்துப் பார்த்திருந்தது. அதன்மேல் விஜயமே போட்ட சிவப்புக் கோடு. கண்ணில் பட்டதே தவிர, எதற்காக வகுத்தது என்று அவள் யோசிக்கவில்லை. பாவம், என்று நினைத்துக்கொண்டு முப்பத்துநாலையே முதல் பக்கத்தில் எழுதினாள். சாயங்காலம் தாள்கட்டைச் சணல் போட்டுக் கட்டி அரக்கு வைத்து உள்ளே எடுத்துப் போய்விட்டார்கள்.

டவுன் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. அந்த ஓரத்துப் பொடி எழுத்து கண்ணைவிட்டுப் போகவில்லை. வகுத்தலின் கடைசியில் ஓர் எண்ணைச் சுற்றி வட்டம் போட்டு, 'மறுபடியும் அதே 1' என்று எழுதியிருந்தது. என்ன அதே 1? விஜயம் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்துப் பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் 22-ஐ ஏழால் வகுத்தாள். மூன்று போக மீதி 1. பிறகு 3, 2, 6, 4, 5. அடுத்த மீதி, மறுபடியும் அதே 1. இனி எல்லாம் வந்த வழியே திரும்ப வரும், 142857, 142857 என்று உலகம் முடிகிறவரை. பிள்ளை எழுதியதுதான் சரி, கீதான் தப்பு. இறங்க வேண்டிய ஸ்டாப் தாண்டிப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்தால் சொல்ல யார் இருக்கிறார்கள்? 'நான் பண்ணினது தப்பா?' என்று கேட்டால், 'ஆமா, தப்புதான்' என்று சொல்லவாவது ஓர் ஆள் வேண்டாமா? டிரான்சிஸ்டரைப் போட்டாள், அணைத்தாள். சாப்பிடாமலே படுத்தாள்.

காலையில் மேஜைக்குப் போனதும் டிக்கெட்டைச் சீதாராமன் சார் முன்னால் வைத்தாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். மனுஷருக்கு ஒரே நொடியில் புரிந்துவிட்டது, முகம் வெளுத்துவிட்டது.

"கீ மேலேருந்து வந்தது விஜயம். நான் போட்டதில்லை."

"தெரியும் சார். ஆனா நாமதான சுழியம் போட்டோம்?"

அவர் எல்லோரையும் கூப்பிட்டு, இனி பன்னிரண்டாவது கேள்விக்கு எதை எழுதியிருந்தாலும் ஒரு மார்க் போடுங்கோ என்றார். கட்டிப் போன கட்டுகளில் ஒரு மார்க்கில் நின்றுபோனவர்கள் யாராவது உண்டா என்று கேட்டார். ஐந்து பேரும் இல்லை என்று தலையாட்டினார்கள். அத்தனை தாளில் யாருக்கு ஞாபகம் இருக்கும்? இருந்தாலும் யார் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வார்கள்? சீனியம்மாளும் தலையாட்டினாள், மேஜையைப் பார்த்தபடி.

"என்கிட்ட ஒண்ணு இருக்கு சார்" என்றாள் விஜயம். "ரிஜிஸ்டர் நம்பர் எழுபத்தாறாயிரத்து இருநூத்து முப்பத்தொன்பது."

சீதாராமன் சார் அவளை வராந்தாவுக்கு அழைத்துப் போனார். "கட்டை அவுக்கணும்னா காரணம் எழுதணும். கீ தப்புன்னு எழுதினா ஊர் ஊரா எல்லாக் கட்டையும் அவுக்கணும், ரிசல்ட்டே நின்னுபோயிடும். அதுக்கு யாரும் ஒத்துக்க மாட்டா. திருத்தினவா கவனக்குறைவுன்னா அந்த ஒரு கட்டோட போச்சு." எங்கோ பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆனா அப்படி எழுதிக் குடுத்தவாளை அப்புறம் கேம்புக்குக் கூப்பிட மாட்டா. நன்னா யோசிச்சுக்கோங்கோ."

மத்தியானம் வேப்பமரத்தடியில் சீனியம்மாள் டப்பாவைத் திறந்து வைத்தாள். விஜயம் தொடவில்லை.

"யக்கா, யாரு பெத்த பிள்ளையோ. செப்டம்பர்ல எழுதிட்டுப் போவுது. ஒரு மார்க்குக்கு நீங்க ஏன் உங்க பேரைக் கெடுத்துக்கிறீக?"

"அது சரியா எழுதியிருக்கு சீனி."

"சரியாத்தான் எழுதியிருக்கு. இல்லேங்கல." சீனியம்மாள் டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினாள். "அடுத்த வருசம் நான் யாரு பக்கத்துல உக்காந்து சாப்பிட?"

விஜயத்தை அப்படி யாரும் கேட்டதே இல்லை. சும்மா இருந்துவிடலாம், யார் கேட்கப் போகிறார்கள்? அடுத்த ஏப்ரலும் இந்த மரத்தடி, இந்த டப்பா, இந்த 'யக்கா' எல்லாம் இருக்கும். அந்தப் பிள்ளை யாரென்று இவளுக்குத் தெரியாது, இவள் யாரென்று அந்தப் பிள்ளைக்கும் தெரியாது. ஒரு மணி நேரம் இப்படியே மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஆனால் கண்ணை மூடினால் அந்த வட்டம் தெரிந்தது. பரீட்சை மணி அடிக்கப் போகிற அவசரத்தில், கேள்வித்தாள் சொன்னதை நம்பாமல், தானே ஏழு தடவை வகுத்துப் பார்த்து, மீதி திரும்பி வந்ததைக் கண்டுபிடித்து வட்டம் போட்டிருக்கிறது அந்தப் பிள்ளை! பக்கத்தில் காட்டக்கூட ஆளில்லாத இடத்தில்.

மூன்று மணிக்கு எழுதிக் கொடுத்தாள். 'என் கவனக்குறைவால் ஒரு சரியான விடைக்கு மதிப்பெண் தராமல் விட்டுவிட்டேன்.' பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. அரக்கை உடைத்தார்கள். சுழியத்தை அடித்து ஒன்று போட்டு, முப்பத்துநாலை முப்பத்தைந்தாக்கி, இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டாள். அன்றைக்கே அவளைப் போகச் சொல்லிவிட்டார்கள், இன்னும் ஏழு நாள் கேம்ப் பாக்கி இருந்தது.

சீனியம்மாள் கேட் வரைக்கும் வந்தாள். பொரியல் அப்படியே இருந்த டப்பாவை விஜயம் கையில் திணித்தாள். "வீட்டுல போயாவது சாப்பிடுங்க. டப்பாவ அடுத்த வருச..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். "லெட்டர் போடுறேன்க்கா" என்றாள். ஒன்று சொல்லிவிடுகிறேன்: அவள் நல்ல மனசுக்காரிதான், ஆனால் லெட்டர் வரவில்லை.

ஜூனில் ரிசல்ட் வந்தது. மாலைப் பேப்பர் வருவதற்கு முன்பே பெட்டிக்கடை வாசலில் கூட்டம். கடைக்காரர் நல்லகாமன் கத்திக் கத்திப் பார்த்தும் கேட்பாரில்லை. விஜயம் கூட்டம் கலையும்வரை ஒதுங்கி நின்று ஒரு பேப்பர் வாங்கினாள். கடைப் பலகைமேல் விரித்து, பாஸானவர்களின் நம்பர் வரிசையில் விரலை வைத்துக்கொண்டு வந்தாள். 76231. 76234. 76235. பேப்பர்க்காரன் பொடி எழுத்து, வியர்வையில் மை விரலில் ஒட்டியது. 76238.

76239.

இரண்டாம் தடவையும் பார்த்தாள். இருந்தது. அவள் கண்ணில் தண்ணீர் பொலபொலவென்று வந்துவிட்டது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"என்ன டீச்சர், பாஸா? நம்ம வீட்டுப் பிள்ளையா?" என்றார் நல்லகாமன்.

"ஆமாண்ணே" என்றாள். எப்படி வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியாது.

"அப்படிப் போடுங்க! அப்ப மிட்டாய் எங்க?"

அவர் கடை பாட்டிலிலிருந்தே கடலைமிட்டாய் வாங்கி அவர் கையில் ஒன்று கொடுத்தாள். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற யாரோ ஒருவருக்கும் ஒன்று கொடுத்தாள். மீதியைக் கைப்பையிலிருந்த சின்ன டப்பாவில் போட்டாள். சீனியம்மாளின் டப்பாதான், எங்காவது பார்த்தால் கொடுக்கலாமென்று ஏப்ரலிலிருந்து கூடவே வைத்திருந்தாள்.

நல்லகாமன் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, "பிள்ள பேரு என்ன டீச்சர்?" என்று கேட்டார்.

விஜயம் வாயைத் திறந்தாள். பெயர் தெரியாது. பையனா பெண்ணா என்பதுகூடத் தெரியாது. பேப்பரை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"வகுத்தல் நல்லாப் போடும்ண்ணே" என்றாள்.