அரைமில்லி துளைகள்

‘டமார்!’

கம்ப்ரஸரின் ரப்பர் குழாய் பிய்த்துக்கொண்டு, சோதனைக்கூடத்துத் தரையில் துள்ளித் துள்ளி அடித்தது. அரைமில்லி அண்ணன் பாய்ந்துபோய் வால்வை மூடினார்.

"குழாய்க்கே கோபம் வந்துடுச்சு, சார்!"

மேலாளர் சிரிக்கவில்லை.

சிரிக்கிற நாளா அது? படகின் அடித்தகட்டில் நுண்துளைகள் போட்டுக் காற்றுக் குமிழ்களை விட்டால், தண்ணீரின் உரசல் குறையும், டீசல் மிச்சமாகும். மாதிரிப் படகைச் சோதனைத் தொட்டியில் ஓட்டிப் பார்த்து, ‘இழுவை இருபது சதவீதம் குறைகிறது’ என்று அறிக்கை எழுதியவள், ஓரமாய் நின்றிருந்த இளம் பொறியாளர் அவள்தான். அதை நம்பித் தகடு பொருத்திய பயணிகள் படகோ, மூன்று மாதமாகப் பழையபடியே டீசல் குடிக்கிறது.

"துளைதான் சரியில்ல. நீங்க நாளையிலேர்ந்து வர வேண்டாம்," என்றார் மேலாளர், அண்ணனிடம்.

அரை மில்லிமீட்டரில் ஒன்பதாயிரம் துளைகள். ஒவ்வொன்றையும் லென்ஸ் வைத்துப் பார்த்துப் போட்டவர். பட்டப்பெயரே அப்படி வந்ததுதான்.

"ஒரு வாரம் குடுங்க சார், வேற தகடு போட்டுத் தர்றேன். தங்கச்சி கணக்கு தப்பாது. என் கைதான் எங்கயோ தப்பியிருக்கும்," என்றார் அண்ணன், அவளைக் காட்டி.

அவள் தொட்டியின் இழுவை மீட்டரைப் பார்த்தாள். மீட்டருக்குப் போகும் மெல்லிய குழாயில் குமிழ் புகுந்தால், மீட்டர் இழுவையைக் குறைத்துக் காட்டும். அதனால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் குழாயின் திருகைத் திறந்து அந்தக் காற்றை வெளியேற்ற வேண்டும். இருபது காட்டிய ஓட்டத்தில் அவள் திருகைத் தொடவே இல்லை.

அண்ணன் துளைபோடும் ஊசிமுனைகளைத் துடைத்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தார்.

"துளை நல்லாத்தான் இருக்கு, சார்," என்றாள். "அன்னைக்கு மீட்டர் குழாயில காத்து இருந்துச்சு. நான் வெளியேத்தல."

மேலாளர் திரும்பினார். அவர் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் குறுக்கே வந்து நின்றார்.

"அட, விடுங்க சார்! அன்னைக்கு அவ புள்ளைக்குக் காய்ச்சல். அவசரத்துல மறந்திருப்பா. நான்கூடக் கண்ணாடியை நெத்தியில வெச்சுக்கிட்டு வீடு பூராத் தேடினவன்தான்."

மேலாளரின் முகம் இளகியது. "மறதின்னா அப்படியே எழுதிக் குடுங்கம்மா. யார் வேலையும் போகாது, நான் பார்த்துக்கறேன்."

தலையாட்டினால் போதும். அண்ணன் கண்ணாலேயே ‘ஆட்டு’ என்றார்.

"மறக்கல, அண்ணே. காத்தை வெளியேத்திட்டு மறுபடியும் ஓட்டினேன். நாலு சதவீதம்தான் வந்துச்சு, அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுட்டேன்."