அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்த பேச்சு

வகுப்பின் நடுவில் ஒற்றை நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, "யாரு கைதி?" என்று கேட்டார் பேராசிரியை. ஒருத்தரும் அசையவில்லை. நான் கை தூக்கினேன்.

குற்றவியல், இரண்டாம் ஆண்டு. சிறையும் சீர்திருத்தமும் பாடத்தில் அன்றைக்கு ஒத்திகை விசாரணை. முன்கூட்டியே விடுதலை கேட்கிற கைதி, அதை முடிவு செய்யும் குழுவின் முன்னால் உட்கார்ந்து பேச வேண்டும். குழுவாக வேஷம் கட்டிய ஐந்து பேர் அவனை வெளியே விடலாமா என்று கை தூக்கிச் சொல்வார்கள். மற்றவர்களுக்கு அது விளையாட்டு. எனக்கோ வரும் திங்கட்கிழமை அப்பா நிஜக் குழுவின் முன்னால் உட்காரப் போகிறார். லாரி ஓட்டியவர். குடித்துவிட்டு ஓட்டி, சைக்கிளில் வேலைக்குப் போன ஒரு பெண்ணைக் கொன்றவர். வகுப்பில் இது யாருக்கும் தெரியாது. அப்பா வெளிநாட்டில் இருக்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறேன், எந்த நாடு என்பதில்தான் அடிக்கடி உளறிவிடுவேன்.

அப்பா பேசப்போவதை வரி வரியாகச் சொல்லிக்கொடுத்ததே நான்தான், சிறையின் பார்வையாளர் அறையில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, போனில், ஒவ்வொரு வாரமும். ஆரம்பத்தில் அவர் பேசியது பேச்சாகவே இருக்காது. "அந்தப் பொண்ணு..." என்பார், அழுதுவிடுவார், மூக்கைச் சட்டைக் கையில் துடைப்பார், பிரேக்கைப் பற்றி ஏதோ சொல்வார், மறுபடியும் "அந்தப் பொண்ணு..." நான் படிப்பாளி அல்லவா, திருத்தினேன். அழாதீங்க, தன்னிரக்கம்னு நினைப்பாங்க. பிரேக்கை விடுங்க, சாக்குன்னு நினைப்பாங்க. அந்தப் பொண்ணுன்னு சொல்லாதீங்க, 'பாதிக்கப்பட்டவர்'னு சொல்லுங்க.

அந்தப் பேச்சையே வகுப்பில் பேசினேன். எங்கும் தடுமாறவில்லை. முடித்ததும் நிமிர்ந்து பார்த்தேன். ஒரு கைகூட மேலே வரவில்லை.

"ஏம்ப்பா?" என்றார் பேராசிரியை.

குழுத் தலைவியாக உட்கார்ந்திருந்தவள் என் தோழி. வாயாடி என்றுதான் கூப்பிடுவோம். "மேடம், தப்பே இல்லாம பேசிட்டா. அதான் உதைக்குது. அச்சு அசல் நம்ம நோட்ஸ். கைதிக்கு எவ மேடம் டியூஷன் எடுத்தா?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பேராசிரியை மட்டும், "நிஜக் குழுவுலயும் இதுதான் நடக்கும். மனப்பாடம் பண்ணிட்டு வந்தா அவங்களுக்கு மூக்குல வேர்த்துடும்," என்றார்.

சனிக்கிழமை அம்மாவோடு பேருந்தில் சிறைக்குப் போனேன். அம்மா அவருக்காகக் கட்டிலை ஜன்னலோரம் நகர்த்திப் போட்டுவிட்டுத்தான் கிளம்பியிருந்தாள். "போன வாரம் எனக்கே பேசிக் காட்டினாருடி. எம் புருஷனா இதுன்னு ஆகிப்போச்சு. மந்திரி தோத்தாரு போ!" வகுப்பில் ஒரு கைகூட எழாததை அவளிடம் மறைத்துவிட்டேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா முகம் மழித்து, தலை படிய வாரி வந்திருந்தார். போனை எடுத்த கையோடு, "கண்ணு, கேளு," என்று ஆரம்பித்துவிட்டார். "எனது செயலுக்கு நான் முழுப் பொறுப்பேற்கிறேன். பாதிக்கப்பட்டவரின் குடும்பத்தாருக்கு..."

"அப்பா, அதை விட்டுருங்க."

"ஏன், எங்கயாச்சும் தப்பிடுச்சா?"

"தப்பல. நம்ப மாட்டாங்கப்பா. நான்தான் தப்பாச் சொல்லிக்கொடுத்துட்டேன். உங்க பேச்சுல சொல்லுங்க."

அவர் போனை மறு காதுக்கு மாற்றினார். "இதுதான கண்ணு என் பேச்சு? படுத்தா எழுந்தா இதைத்தான சொல்லிட்டிருக்கேன்."

"அன்னிக்கு என்ன ஆச்சுன்னு மட்டும் சொல்லுங்க. எனக்குச் சொல்ற மாதிரி."

கண்ணை மூடிக்கொண்டார். "அன்னிக்கு மழை விட்டிருந்துச்சு. நான் வண்டிய எடுத்தேன். அந்த... பாதிக்கப்பட்டவர் இடது பக்கமா..." நிறுத்தினார். மறுபடி மழையிலிருந்து ஆரம்பித்தார். மறுபடியும் அதே இடத்துக்கு வந்து, அதே சொல்லில் போய் முட்டினார். நெற்றி முழுக்க வியர்வை. கண் மட்டும் காய்ந்து கிடந்தது.

"வர மாட்டேங்குது கண்ணு," என்றார். பிறகு வாத்தியாரிடம் கேட்பதுபோல் குரலைத் தாழ்த்தினார். "இப்ப அழலாமா? அழுதா சரியா இருக்குமா?"

அம்மா பக்கத்தில் இருந்து என் தோளை இடித்தாள். "என்னடி சொல்றாரு? நல்லா சொல்றாரா?" நான் தலையாட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. அம்மா அப்பாவைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

நேரம் முடிந்தது. போன் செத்துவிட்டது. காவலர் தோளைத் தொட்டதும் அப்பா எழுந்து, நாற்காலியை மேசைக்கடியில் ஒழுங்காகத் தள்ளிவிட்டு நடந்தார். கதவருகே காவலர் சாவியைத் தேடி நின்றபோது, எங்கள் பக்கம் பாதி திரும்பிய அவர் முகத்தில் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. நான் கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தேன். எந்தப் பேச்சு என்று கண்டுபிடிப்பதற்குள் என் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கிப்போனது.